சின்ன வேலைதான் சார்

வாசலில் நிற்கும் பழைய பிரீமியர் பத்மினியின் கதவடியில் பெயின்ட் கொஞ்சம் உப்பியிருக்கிறதா? உடனே செய்ய வேண்டியது, அந்தப் பக்கம் போகாமல் இருப்பது. உப்பிய பக்கம் சுவரைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்திவிட்டால் இன்னும் சில வருடம் நிம்மதியாக ஓட்டலாம். இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. ஆனால் யாரும் கேட்பதில்லை. ஆகவே மேற்கொண்டு.

உப்பலை நகத்தால் சுரண்டக் கூடாது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கடியில்தான் பெயின்ட் மேலே எழும்புகிறது. துரு பெரும்பாலும் உள்ளே பிறந்து, வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே தலைகாட்டும். வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவுக்குத் தகடே இருக்காது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டி என்றால் அதையும் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு சொல்லியும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குத்திப் பார்ப்பவர்கள் உண்டு. ‘டங்’ என்றால் தகடு. ‘பொதுக்’கென்று கைப்பிடி வரை உள்ளே போனால், அன்றிலிருந்து நீங்கள் கார் ஓட்டுகிறவர் அல்ல, கார் ரெடி பண்ணுகிறவர்.

அடுத்து டிங்கர். எந்த ஏரியா பட்டறைக்குப் போனாலும் அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, “சின்ன வேலைதான் சார், ரெண்டு நாள்ல எடுத்துக்கலாம்” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. எந்த இரண்டு நாள் என்று நீங்கள்தான் கேட்கவில்லை.

அவர் இரண்டு வழி சொல்வார். ஒன்று, அழுகிய இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது. மற்றொன்று, பட்டி போட்டுத் தேய்ப்பது. நீங்கள் இரண்டாவதைத்தான் எடுப்பீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் முதலாவதை முதலில் சொல்கிறார்.

பட்டி ஓர் அற்புதமான பொருள். பெயின்டர் ஒரு சன்மைக்கா துண்டில் சாம்பல் நிறப் பட்டியை எடுத்து, டியூபிலிருந்து ஹார்டனரை ஒரு கோடு பிதுக்கி, பிளேடால் மடித்து மடித்துக் குழைப்பார். ஹார்டனர் கூடினால் சென்னை வெயிலில் வண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் பிளேடிலேயே இறுகிவிடும். அழுகிய ஓட்டையில் கம்பிவலையோ, எம்-சீலோ, போன வாரத்துச் செய்தித்தாளோ அடைத்து, அதன்மேல் பட்டியை இழுத்தால் இல்லாத கதவடி உருவாகிவிடும். இதற்கு மேல் வருவதுதான் உச்சம். காய்ந்த பட்டியைத் தண்ணி பேப்பர் போட்டு, பக்கெட்டிலிருந்து தண்ணீர் அள்ளி ஊற்றித் தேய்ப்பார்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதைப் பின்னாலிருக்கும் தகட்டுக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். துருவைச் சரிசெய்ய வந்த இடத்தில் துருவுக்கே தண்ணீர் பந்தல். அதன்மேல் பெயின்ட் அடித்து பாலிஷ் போட்டு நிறுத்தினால் முகம் பார்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: காந்தத்தோடு யாரும் கிட்டே வரக் கூடாது.

நீங்கள் கொள்கைவாதி, வெட்டியே தீருவேன் என்றால், முதலில் உள்ளேயிருக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கிப் பாருங்கள். முன் கண்ணாடி ரப்பர் வழியாக வருடக்கணக்கில் இறங்கிய மழைத் தண்ணீர் அதற்கடியில்தான் குடியிருந்தது. மேட்டைத் தூக்கியதும் சாலை தெரிந்தால் பதற வேண்டாம். பத்மினியை அறிந்தவர்களுக்கு இது சகஜம்.

பதற வேண்டிய இடம் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி. இந்த வண்டிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை இல்லை. அதில் பாடியை போல்ட் கழற்றித் தனியே தூக்கிவிடலாம். கீழே சேஸிஸ் துருப்பிடித்திருப்பதைப் பார்த்து அவர் தனியாகக் கவலைப்படுவார். நம் வண்டியில் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துவைத்திருப்பதில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குத்தான். அது அப்பளமாக நொறுங்கியிருந்தாலும் அப்படியே வெட்டி எறிந்துவிடக் கூடாது. வண்டியைச் சமமாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, கதவு இருக்கும் வாய்க்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு பற்றவைத்து, ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். இல்லையென்றால் நடுவில் தொய்ந்து, வெட்டும்போது திறந்த கதவு பிறகு சாத்தாது. அப்போதும் டிங்கரிடம் தீர்வு இருக்கும். கதவை வெட்டிவிடுவார்.

தகடு 20 கேஜ், ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிசில் ஒரே மூச்சாக வெல்டிங் இழுத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆறவிட்டு நடுவில் ஒரு புள்ளி என்று போக வேண்டும். இதை நீங்கள் டிங்கரிடம் சொல்லலாம். “நாப்பது வருஷமா இதான் சார் பண்ணிட்டிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே ஒரே மூச்சாக இழுப்பார். கூரைக்குப் போட்டு மிஞ்சிய, துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டை எடுத்துக் கொடுத்து மிச்சம் பிடிக்காதீர்கள். துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் பற்றவைத்தவருக்குக் குளிர்காய்ச்சல் வரும். டிக்கிப் பக்கம் வெல்டிங் என்றால் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வைக்க வேண்டும். “காலி டேங்க்தானே” என்பவரை நம்பக் கூடாது. பெட்ரோலைவிட அதன் ஆவிதான் வெடிக்கும். இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்.

கதவையே மாற்றிவிடலாம் என்று பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குக் கிளம்புகிறவர் காந்தத்தை மறக்காமல் எடுத்துப் போகவும். அங்கே கிடைக்கும் கதவும் இன்னொருவர் பட்டி போட்டுத் தப்பித்த கதவாக இருக்கலாம்.

வீட்டில் கணக்குக் கேட்பார்கள். கைவசம் ஒரு பதில் உண்டு. 50 வயதைத் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடத்துக்குச் செல்லும். ‘விஏ’ எழுத்துகளோடு தனி நம்பர். கௌரவம்தான். ஆனால் தினமும் ஓட்டக் கூடாது. வண்டி பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பழையபடியே இருக்க வேண்டும். பழையபடி இருப்பது துரு மட்டும்தான் என்பதை வீட்டில் சொல்ல வேண்டியதில்லை.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும் அன்று கதவுகளின் அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். கண்ணாடி ஓரமாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறக் கம்பெனியே சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருக்கும். பெயின்டர் அவற்றையும் துரு என்று நினைத்துப் பட்டி வைத்து அழகாக அடைத்திருப்பார். அடைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். “சரி சார்” என்பார். ஐப்பசி மழைக்கு அப்புறம் அதே டிங்கரிடம் போங்கள். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, சின்ன வேலைதான் என்பார்.