தலையணைச் சாக்லேட்டும் நீர்மட்டமும்: ஓர் ஒப்பாய்வு

ஐரோப்பாவின் ஆறுகளைப் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிவைத்திருக்கிறார்கள். பொறியாளர் அளந்திருக்கிறார், கவிஞர் பாடியிருக்கிறார், படைத்தலைவர் கடந்திருக்கிறார். ஆனால் அந்த ஆறுகளில் மிதக்கும் பயணியர் கப்பலில், 16 சதுர மீட்டர் அறை ஒன்றில், காலைச் சிற்றுண்டிக்கும் மதிய உணவுக்கும் நடுவே கட்டில் விரிப்பு எப்படிச் சுருக்கம் நீங்குகிறது என்பதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பள்ளத்தைத் தூர்க்கவே இக்கட்டுரை.

தரவு இரண்டு பயணங்களில் திரட்டப்பட்டது. ஒன்று ரைன் ஆற்றில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து பாசல் வரை. மற்றது டான்யூபில் பாஸாவிலிருந்து புடாபெஸ்ட் வரை. ஆய்வு நெறி கருதிக் கப்பல்களின் பெயரை மறைத்து, முன்னதை ‘ரை’ என்றும் பின்னதை ‘டா’ என்றும் குறிக்கிறேன். நிதி நல்கை: மருமகன். இணை ஆய்வாளர்: என் மனைவி. அப்பொறுப்பை அவள் இன்றுவரை ஏற்கவில்லை.

பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுப்பது நம் மரபு. அம்மரபு கப்பலுக்குச் செல்லாது என்று யாரும் விலக்கியதில்லை.

முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலம் என்பது 12 மீட்டர். மைன் ஆற்றிலும், ரைனையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாயிலும் கப்பலை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றி இறக்கும் ‘லாக்’ தொட்டிகளின் அகலம் அவ்வளவுதான். அதனால் கப்பல்களை ஏறத்தாழ 11.4 மீட்டர் அகலத்தோடு கட்டுகிறார்கள். இருபுறமும் ஒரு சாண் சொச்சம் மிச்சம். நீளம் மட்டும் 135 மீட்டர் வரை போகும். இவ்விரு ஆற்றுப் படுகைகளையும் இணைக்க கி.பி. 793இல் சார்லமேன் பேரரசர் ஒரு கால்வாய் வெட்டிப் பார்த்தார். மழையில் கரை சரிந்து சரிந்து விழவே கைவிட்டார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. இப்போதுள்ள 171 கிலோமீட்டர் கால்வாய் திறக்கப்பட்டது 1992இல். இடைப்பட்ட பன்னிரண்டு நூற்றாண்டுகளில் எத்தனை டவல்கள் மடிக்கப்பட்டிருக்கும் என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

அகலம் குறைந்தால் என்ன ஆகும்? நடுவில் ஒரே நடைபாதை, இரு பக்கமும் அறைகள். துப்புரவு வண்டி வந்தால் நாம் சுவரோடு சுவராக வேண்டும். கடலில் போகும் கப்பல்களில் பயணிகள் ஆயிரக்கணக்கில்; இங்கே பெரிய கப்பல் என்றாலே 190 பேர், ஊழியர் ஐம்பது பேர் அளவில். தெரு மாதிரி ஆகிவிடுகிறது. மூன்றாம் நாள் காலை எனக்குச் சர்க்கரை போடாத காபி கேட்காமலே வந்தது. நான்காம் நாள், நான் திருட்டுத்தனமாக எடுத்த கேக் துண்டைப் பரிமாறுபவர் பார்த்துவிட்டு, என் மனைவி இருந்த திசையைத் தம் உடம்பால் மறைத்து நின்றார். சேவை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. ‘ரை’யின் கொடி, கடலே இல்லாத சுவிட்சர்லாந்தினுடையது, மாலுமி டச்சுக்காரர், சமையல்காரர் ஹங்கேரியர், பரிமாறியவர் பிலிப்பைன்ஸ்காரர்.

பொழுது என்பது காலை ஒன்பது. அப்போது கப்பலே காலியாகிறது. கரையிறங்கும்போது ரிசப்ஷனில் ஓர் அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் கொடுத்துவிட வேண்டும். யாரையும் ஊரில் விட்டுவிட்டுப் புறப்படக் கூடாது என்பதற்காம். என் கணிப்பு வேறு: அட்டை எடுத்த அறை, கூட்டி அள்ளக்கூடிய அறை. கொலோன் பேராலயத்தை 1248இல் தொடங்கி 1880இல்தான் முடித்தார்கள். நான் அதை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டு திரும்புவதற்குள் என் அறை முடிந்திருந்தது.

கருப்பொருள்களில் தலையாயது டவல். குளியலறை அட்டை இதற்கொரு மொழியை வகுத்திருக்கிறது: கொக்கியில் தொங்கினால் ‘மறுபடி பயன்படுத்துவேன்’, தரையில் கிடந்தால் ‘மாற்றுக.’ இருநிலை இலக்கணம்; ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் என் மனைவி, “குளிச்ச துண்டைத் தரையில போடுறதா? நல்லா இருக்குதே!” என்று அதை நான்காக மடித்து நாற்காலியில் வைத்தாள். இலக்கணத்தில் இல்லாத மூன்றாம் நிலை. ‘ரை’ இதை ‘மாற்றுக’ என்று பொருள்கொண்டு மாற்றியது. ‘டா’ இதை ‘தொடற்க’ என்று கொண்டு அப்படியே விட்டது. ஈரத்துண்டு மூன்று நாள் நாற்காலியில் இருந்தது. எந்த உரை சரி என்று தீர்ப்பளிக்க நான் துணியவில்லை.

அடுத்தது போர்வை. ஜெர்மானிய, ஆஸ்திரிய வழக்கப்படி இரட்டைக் கட்டிலுக்கு இரண்டு தனிப் போர்வைகள். மேல்விரிப்பு கிடையாது. நாற்பதாண்டு இல்லறத்தில் என் பங்குப் போர்வை முழுதாக எனக்குக் கிடைத்தது முதல்முறை. இக்குறிப்பு ஆய்வுக்குத் தொடர்பில்லாதது. தொடர்புள்ளது என்னவென்றால், இணை ஆய்வாளர் தினமும் ஆறு மணிக்கே எழுந்து கட்டிலைத் தானே சரிசெய்துவிடுவாள். “ஏங்க, எந்திரிங்க. அலங்கோலமா கிடந்தா அந்தப் பொண்ணு நம்மளப் பத்தி என்ன நினைக்கும்?” வேலை பார்க்க வருபவருக்கு முன்பாகவே வேலையை முடித்துவைப்பது நம் குடும்பங்களின் நெடுநாள் ஒழுக்கம் என்றாலும், அது தரவைக் கெடுத்துவிட்டது. அந்தப் பெண் வந்து அதைக் கலைத்துத் தன் முறைப்படி மடிப்பாள். மறுநாள் இவள் அந்த மடிப்பைப் படித்துக்கொண்டு அதே போல மடிப்பாள். ஐந்தாம் நாள் யாருடைய மடிப்பு எது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

சாக்லேட்: ‘ரை’யில் இரவுதோறும் தலையணைக்கு ஒன்று. ‘டா’வில் முதல் நாளும் கடைசி நாளும் மட்டும் என்று தகவல் தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். கழிப்பறைத் தாளின் முனையை முக்கோணமாக மடிப்பதில் இரண்டும் சமம்.

இப்படியே மதிப்பெண் போட்டுக்கொண்டு போயிருப்பேன். இடையில் காவ்ப் என்ற சிற்றூரின் நீர்மட்ட அளவுகோல் குறுக்கிட்டது. ரைனில் கப்பல் ஓடுமா ஓடாதா என்பதை அந்த அளவுகோலைப் பார்த்துத்தான் சொல்வார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஒரு சாண் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த அளவுகோலின் சுழியம் ஆற்றின் அடியில் இல்லை. கப்பல் தடத்தில் அப்போதும் ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீர் இருந்தது. கிலோமீட்டர்க் கணக்கும் இப்படித்தான். ரைனுக்குச் சுழியம் கான்ஸ்டன்ஸ் நகரப் பாலம். நீரோட்டத்தோடு எண் ஏறும். டான்யூபுக்குச் சுழியம் கருங்கடல் முகத்துவாரம். எண் நீரை எதிர்த்து ஏறும். விளைவாக, ரைனில் எதிர்நீச்சல் போட்ட போதும் டான்யூபில் நீரோடு போன போதும் கரைப் பலகைகளில் எண் குறைந்துகொண்டேதான் வந்தது.

பயணிகளின் ஒப்பீடும் இத்தகையதே என்பது இக்கட்டுரையின் துணிபு. உணவு மேசையில் ஓர் அமெரிக்கர் ஆழ்ந்த துயரத்தில் இருந்தார். கடல் கப்பல்களில் டவலை யானையாக மடித்துக் கட்டிலில் உட்காரவைப்பார்களாம், இங்கே யானை இல்லை. அவருடைய சுழியம் யானை. ஒரு டச்சு மூதாட்டிக்கு எல்லாமே திருப்தி. முன்பொருமுறை ஆற்றில் நீர் வற்றி, பாதி வழியில் பேருந்தில் ஏற்றி, அப்பால் நின்ற இன்னொரு கப்பலில் அதே எண் அறையில் விட்டார்களாம். பெட்டி தனக்கு முன்பே அங்கே போய் நின்றது என்றார். அவருடைய சுழியம் பேருந்து. என் மனைவிக்கோ வீட்டில் ஹவுஸ்கீப்பிங் என்பது அவளே. ஆகவே பிறர் கை பட்டதெல்லாம் வெள்ள அபாய அளவுக்கு மேல்; ஆனால் தலையணை உறையின் வாய் வாசல் பக்கம் பார்த்திருந்தால் மட்டும் நீர்மட்டம் சரசரவென்று இறங்கும்.

எஞ்சியது உரிப்பொருள். அது ‘காணாமை’ என்பேன். இரண்டு பயணங்களிலும் என் அறையைப் பெருக்கும் கையை நான் கண்டதில்லை. மெல்க்கில் எல்லாரும் மடாலயம் பார்க்கப் போனபோது தலைவலி என்று சொல்லி அறையிலேயே கிடந்தேன். கதவு தட்டப்பட்டது, துப்புரவு செய்ய வந்த ருமேனியப் பெண் என்னைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டுப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மேல்தளத்தில் ஒரு காபி குடித்துவிட்டு வந்தேன், பத்து நிமிடம். அறை முடிந்திருந்தது. தலைவலிக்காக ஒரு குவளை வெந்நீர் வேறு, தட்டு போட்டு மூடி.

வியன்னாவில்தான் ஒரு வாய்ப்பு வந்தது. துறையில் இடமில்லாமல் கப்பல்களைப் பக்கத்தில் பக்கமாகக் கட்டியிருந்தார்கள். திரையை விலக்கினால் கையெட்டும் தூரத்தில் அயல்கப்பலின் அறை. உள்ளே ஒருவர் விரிப்பை உதறிக்கொண்டிருந்தார். நான் குறிப்பேட்டோடு கண்ணாடியில் மூக்கை ஒட்டினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். திரை விழுந்தது. நேரடி அவதானிப்பு: நான்கு நொடி.

பிராட்டிஸ்லாவாவில் கரையிறங்கும் அவசரத்தில் அந்தக் குறிப்பேட்டைக் கட்டிலில் கவிழ்த்தே வைத்துவிட்டேன். திரும்பி வந்தபோது அது மூடி, மேசை விளிம்புக்கு நேராக வைக்கப்பட்டிருந்தது. பக்கம் தவறிவிடாதபடி கப்பலின் பட அஞ்சலட்டை ஒன்று அடையாளமாகச் செருகியிருந்தது. பிரித்தேன். ‘டா’வின் மதிப்பெண் பக்கம். அந்த ருமேனியப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 3½/5 எந்த மொழியிலும் 3½/5தான்.

அது கடைசி நாள் அல்ல. ஆனாலும் கட்டிலில் சாக்லேட் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே என் மனைவியின் தலையணையில்.