மசக்கைக்கு மணி தெரியாது

ஆங்கிலேயர் மசக்கைக்குக் ‘காலை நோய்’ என்று பெயர் வைத்தார்கள். வைத்தவர் ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும். பெக்கோக்கில் அடுத்த வீட்டுத் தாளிப்பு வாசம் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாலும் குமட்டத்தான் செய்யும்.

அறிவுரைக்குப் பஞ்சமில்லை. அன்னாசியைத் தொடாதே என்பார் மாமியார். அசாம்போய் ஒன்றை வாயில் அடக்கிக்கொள் என்பார் பக்கத்து வீட்டுச் சீன அம்மா. வீட்டுக்காரர் லாபிஸ் வரை மோட்டார் சைக்கிளில் போய் ரோஜாக் வாங்கி வருவார். அதற்குள் ரோஜாக் என்ற பேச்சே கர்ப்பிணிக்குப் பிடிக்காமல் போயிருக்கும். மிச்சத்தை யார் தின்பது? அவருக்கும் தொப்பை போடும்.

கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டவர்களுக்கு ஒரு தகவல்: முக்கியக் காரணம் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன் என்று 2023இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வு வந்தது. பெரும்பகுதி கரு, நஞ்சுக்கொடி பக்கமிருந்தே வருகிறதாம். பிறக்குமுன்பே பிள்ளை வேலையைக் காட்டிவிடுகிறது.

எழுந்திருக்குமுன் ரெண்டு கிரீம் கிரேக்கர், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, இஞ்சித் தண்ணீர்: பலருக்கு இது கேட்கும். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துப் போகிறது என்றால் அறிவுரையை நிறுத்திவிட்டு கிளினிக்குக் கூட்டிப் போங்கள். கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகத்தை மறக்காதீர்கள்.