பனிக்கட்டி சுவிட்ச்

வீரசோழனில் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமென்றால் மீன்காரர் பெட்டியில் பார்க்கலாம், கல்யாண வீட்டு ஜூஸ் டிரம்மில் பார்க்கலாம். அது வானத்திலிருந்து விழுவதைப் பார்த்தவர் யாரும் இல்லை. கோடையில் கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கிற ஊர் இது. இங்கே என் வீட்டு மாடி அறையில், விமான இறக்கையில் படியும் பனிக்கட்டியை உருக்குவதற்கென்றே ஒரு வரிசை சுவிட்ச் இருக்கிறது. இறக்கைக்குத் தனி, இன்ஜின்களுக்குத் தனித்தனி, முன்கண்ணாடிக்குத் தனி. பிளைவுட்டில் துளை போட்டு, வயர் இழுத்து, நானே மாட்டியது. நிஜ விமானத்தில் இன்ஜினிலிருந்து சுடுகாற்றைப் பிரித்தெடுத்து, இறக்கையின் முன்விளிம்புக்குள் ஓடவிட்டுப் பனிக்கட்டியை உருக்குகிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் சுடுகாற்று ஜன்னல் வழியாகவே வருகிறது, சுவிட்ச் இல்லாமல்.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. நான் மாடியில் மாதிரி கட்டும் ரக விமானத்தின் மூக்குப் பக்கம் இருக்கும் உணர்கருவி, பனிக்கட்டியைக் கண்டால் உருக்கும் வேலையைத் தானே தொடங்கிவிடும். ஆக, பறக்காத விமானத்தில், பனிக்கட்டி விழாத ஊரில், விமானியே பெரும்பாலும் தொடாத சுவிட்சுக்கு ஸ்டிக்கர் அடிக்க நான் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறியிருக்கிறேன். ஸ்டிக்கர் கடைப் பையன் “எந்த மில்லுக்குண்ணே?” என்று கேட்டான். “பெரிய மில்லு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விமானம் எம்ப்ரேயர் 175, பிரேசில் நாட்டுத் தயாரிப்பு. போயிங், ஏர்பஸ் எல்லாம் இருக்க இது எதற்கு என்றால், ஊர்ப்பாசம்தான். மதுரைப் பஞ்சாலைக் குழுமம் ஒன்று 2005-ல் பாரமவுண்ட் ஏர்வேஸ் என்று தொடங்கி, இந்த 170, 175 ரக ஜெட்களைத்தான் ஓட்டியது. எல்லா இருக்கையும் பிசினஸ் வகுப்பு. நூல் நூற்ற ஊர்க்காரர்கள் ஜெட் விட்டார்கள் என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை, ஏதோ பஞ்சு நான் கொடுத்ததுபோல. அப்போது டிக்கெட் எடுக்கக் கையில் காசில்லை. காசு சேர்ந்தபோது கம்பெனி இல்லை, 2010-ல் நின்றுபோயிற்று. இன்று அந்த 175-ஐப் பார்க்க வேண்டுமென்றால் கர்நாடகத்து ஸ்டார் ஏர்காரர்களிடம் போக வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏடிஆர் போகிறதே என்பார்கள். அது வெளியே விசிறி சுற்றுகிற விமானம். விசிறி சுற்றுவதைத்தான் வீட்டில் படுத்துக்கொண்டே பார்க்கிறேனே, அதற்கு ஏன் டிக்கெட்?

நோய் முற்றிய வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 2006-ல் மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு வந்தது. அதில் பம்பார்டியர் சிஆர்ஜே 700 என்ற சின்ன ஜெட் கூடவே வரும். அந்த விமானத்தின் மீட்டர்கள் எங்கெங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். மீட்டருக்கு ஒரு வரி: இடது ஓரத்திலிருந்து எவ்வளவு, மேலேயிருந்து எவ்வளவு, அகலம், உயரம். நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றினால் உயரமானி நகர்ந்துவிடும். உயரமானியை நூலளவு இடப்பக்கம் நகர்த்த நான் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறேன். பீரோவை ஒரு முழம் நகர்த்தச் சொல்லி என் மனைவி போன தீபாவளிக்கு வைத்த கோரிக்கை அப்படியே நிலுவையில் இருக்கிறது. பீரோவுக்கு நோட்பேட் இல்லை.

2020-ல் புதிய சிமுலேட்டர் வந்ததும் நிலைமை கைமீறியது. வலப்பக்க ஆல்ட் விசையை அமுக்கிக்கொண்டு விமானத்தின் திரையில் கிளிக் செய்தால், அந்தத் திரை மட்டும் தனியாகக் கழன்று வரும். அதை இழுத்து வேறொரு மானிட்டரில் போட்டு, மானிட்டர் முன்னால் சதுரம் வெட்டிய பிளைவுட்டை நிறுத்தினால் காக்பிட். எம்ப்ரேயரில் இப்படி ஐந்து திரை. என்னிடம் இருப்பவை, மூடிவிட்ட கம்ப்யூட்டர் சென்டரில் வாங்கிய பழைய மானிட்டர்களும் என் மாமியார் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த டிவியும். சுவிட்சுகளுக்கு ஆர்டுயினோ என்ற உள்ளங்கை அகலப் பலகை. அதைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்க மொபிஃப்ளைட் என்ற இலவச மென்பொருள். நான் இங்கே சுவிட்சைத் தட்டினால் அங்கே விமானம் கேட்கிறது. இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்கும் ஒரே உருப்படி அதுதான்.

“ஏங்க, இத்தனை சுவிட்சு போடத் தெரியுதுல்ல, அந்த மோட்டார் சுவிட்சு ஒண்ணை மாத்துனா என்ன?” என்பது கீழிருந்து என் மனைவியின் கேள்வி. எங்கள் வீட்டு மோட்டாரை ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மரக்குச்சியால்தான் தட்ட வேண்டும். பக்கத்துத் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமணர், ‘நான் யார்’ என்று தன்னைத்தானே கேட்டு ஞானியானார். என் விஷயத்தில் அந்தச் சிரமமும் எனக்கில்லை. “நீங்க யாரு, பைலட்டா, எலக்ட்ரீசியனா?” என்று என் மனைவியே கேட்டுவிடுகிறாள். இரண்டும் இல்லை என்ற தெளிவு எனக்கு எப்போதோ வந்துவிட்டது.

எம்ப்ரேயரில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு கொள்கை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் தலைக்கு மேலுள்ள பேனலில் ஒரு விளக்கும் எரியக்கூடாது. எரிந்தால் ஏதோ ஒன்று வழக்கமான நிலையில் இல்லை என்று அர்த்தம். விமானி நிமிர்ந்து பார்க்கும்போது இருட்டாக இருந்தால் நிம்மதி. இதைவிட எங்கள் பக்கத்துக்குப் பொருத்தமான தொழில்நுட்பம் உண்டா? ஒரு ராத்திரி மதுரை ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. பேனல், திரை, தெரு எல்லாம் இருட்டு. கொள்கைப்படி சகலமும் சரியாக இருந்தது. நிஜ விமானத்தில் ஜெனரேட்டர்கள் எல்லாம் கைவிட்டால் மூக்குப் பக்கமிருந்து ஒரு சின்னக் காற்றாடி வெளியே இறங்கி, எதிர்க்காற்றில் சுழன்று மின்சாரம் தரும். மாடிக்கு ஏறி வந்தது என் மகன். “அப்பா, பாட்டி இன்வெர்ட்டரை மிக்ஸிக்குக் கேக்குது” என்றான்.

கரண்ட் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மதுரை ஓடுபாதை 2,285 மீட்டர். அதில் பாதியைத் தரையைத் தொடாமலே தாண்டிவிடுவேன். மீதிப் பாதியில் பிரேக்கைத் தேடுவேன்.

கடைசியாக வந்து சேர்ந்தது விமானத்தைத் திருப்பும் கைப்பிடி. எம்ப்ரேயரின் கைப்பிடி பெரும்பாலான விமானங்களுடையதைப் போல இருக்காது. கிடாய்க் கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து இறங்கும். ஆசாரியிடம் படத்தைக் காட்டிப் பூவரசில் கடைந்து வாங்கினேன். வார்னிஷ் காய்வதற்காக அதைத் திண்ணையில் வைத்திருந்தேன், சந்தை நாள் என்பதை யோசிக்காமல். ஆடு பிடிக்க வந்த பழக்கமான வியாபாரி ஒருவர் தண்ணீர் குடிக்க ஏறியவர், செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொம்பைத் தடவிப் பார்த்தார்.

“வாகான கொம்பு அண்ணாச்சி. உருப்படி எங்க?”

“மாடியில இருக்கு. எம்ப்ரேயர்.”

“கேள்விப்படாத சாதியா இருக்கே. கறி எத்தனை கிலோ நிக்கும்?”

“முழு எடையோட கிளம்புனா முப்பதெட்டு டன்னுக்குப் பக்கம்.”

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோள்துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு, விரல் பிடித்து விலை பேசத் தோதாக என் பக்கம் நீட்டினார். நான் தயங்கி நின்றேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது:

“அண்ணே, விலையெல்லாம் பாத்துக் குடுங்க. வண்டி மட்டும் பெருசாக் கொண்டாங்க, பலகையும் நாற்காலியும் சேத்து ஏத்திரலாம்.”