வேலை காலி: ஞானஸ்நானம் அவசியம்

அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலைப் புரட்டுங்கள். ‘யூதவியல்’ என்று ஒரு துறை கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். தால்மூத் ஒரு பேப்பர், இடைக்கால வரலாறு ஒரு பேப்பர், எபிரேய இலக்கியம் ஒரு பேப்பர். இத்தனைக்கும் பிள்ளையார் சுழி போட்ட மகான்கள் யார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் பியூன் வேலைகூடக் கிடைக்காத சில பெர்லின் பையன்கள்.

1819. ஜெர்மன் ஊர்களில் ‘ஹெப் ஹெப்’ என்று கத்திக்கொண்டு ஒரு கும்பல் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. அந்த நவம்பரில் ஏழு இளைஞர்கள் பெர்லினில் ஒரு வீட்டில் கூடினார்கள். நீங்களும் நானுமாக இருந்தால் மூட்டை கட்டியிருப்போம், இல்லை தடி தேடியிருப்போம். இவர்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். நம்மைப் பற்றித் தெரியாததால்தானே அடிக்கிறார்கள்? நம் வரலாற்றை முறையாக ஆராய்ந்து அடிக்குறிப்போடு வெளியிட்டுவிட்டால் தெளிந்துவிடுவார்கள் அல்லவா? கலவரக்காரன் அடிக்குறிப்பு படிப்பான் என்று நம்பிய ஒரே சங்கம் அநேகமாக இதுதான்.

ஏழு பேரில் யோஸ்ட் என்பவர் சீக்கிரமே குரூப்பை விட்டு ‘லெஃப்ட்’. வெளியே போனவர் சும்மா இருந்தாரா? தனியாளாக உட்கார்ந்து யூதர் வரலாற்றை ஒன்பது தொகுதி எழுதினார். உள்ளே இருந்தவர்கள் சங்கத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

1821-இல் பெயர் கிடைத்தது: யூதர்களின் பண்பாட்டுக்கும் அறிவியலுக்குமான சங்கம். தலைவர் எடுவர்ட் கான்ஸ். சட்டத்தில் டாக்டர், இருபதுகளின் நடுவில் இருந்த புத்திசாலி, தத்துவஞானி ஹெகலின் பரம பக்தர். சங்கத்தின் ஆண்டறிக்கையைக்கூட ஹெகல் பாஷையில்தான் வாசிப்பார். வரவு செலவு கேட்டவனுக்கு உலக ஆன்மாவின் பயணம் கிடைத்தது.

1822-இல் ஒரு புது மெம்பர் சேர்ந்தார். ஹைன்ரிஹ் ஹைனே! ஆமாம், ஜெர்மன் கவிதையின் சூப்பர்ஸ்டாரேதான். அப்போது அவர் பரீட்சை பாக்கி வைத்திருந்த சட்ட மாணவர். சங்கம் நடத்திய பள்ளியில் பையன்களுக்கு வரலாறும் சொல்லிக்கொடுத்தார். சங்கத்தின் பத்திரிகையை, அந்த ஏழு பேரில் ஒருவரான லியோபோல்ட் சுன்ஸ் நடத்த, ஹைனே அதைப் படித்துவிட்டு அவருக்கே ஒரு கடிதம் எழுதினார். இந்த ஜெர்மன் எந்த ஊர் ஜெர்மன் என்று தெரியவில்லையாம். கான்ஸ் என்ன சொல்ல வருகிறார் என்பது முன்பே தெரிந்ததால்தான் தப்பித்தாராம். உலகத்துக்கே புரியவைக்கக் கிளம்பிய பத்திரிகை, ஒரே ஒரு தொகுதியோடு மூச்சை நிறுத்திக்கொண்டது.

இதற்கிடையே கான்ஸ் பெர்லின் பல்கலைக்கழகத்தில் வேலை கேட்டிருந்தார். 1812-ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதியுள்ள யூதர் கல்விப் பணிக்கு வரலாம். சட்டத்துறையின் ஜாம்பவான் சவீனி, கூடவே கூடாது என்று நின்றார். பெர்லினை ஆண்ட பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் பிரெட்ரிக் வில்லியம் பிரச்சினையை எளிதாக முடித்தார். ஆளை மாற்ற முடியாது, சட்டத்தை மாற்றலாமே? 1822-இல் உத்தரவு வந்தது: யூதர்களுக்குப் பல்கலைக்கழகப் பணி கிடையாது. ‘லெக்ஸ் கான்ஸ்’, அதாவது கான்ஸ் சட்டம் என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஒரு சட்ட நிபுணருக்கு இதைவிடப் பெரிய கௌரவம் உண்டா?

1824-இல் சங்கம் படுத்துவிட்டது. 1825 டிசம்பரில் கான்ஸ் பாரிஸுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். 1826-இல் பேராசிரியர் பதவி, 1828-இல் முழுப் பேராசிரியர். அதே மூளை, அதே டிகிரி, கூடுதலாகக் கொஞ்சம் தண்ணீர்.

ஹைனே கொதித்துப்போனார். கொள்கையை விற்றவனே என்ற தோரணையில் ஒரு கவிதை எழுதினார். கப்பலின் கேப்டன் கடைசியாக அல்லவா இறங்க வேண்டும் என்று பல வருஷம் கழித்தும் புலம்பினார். நியாயம்தானே என்கிறீர்களா? இருங்கள். அதே 1825, ஜூன் மாதம், ஹைலிகென்ஷ்டாட் என்ற சின்ன ஊரில், சந்தடியில்லாமல் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். ஹாரி ஹைனேயாக உள்ளே போய் கிறிஸ்டியான் யோஹான் ஹைன்ரிஹ் ஹைனேயாக வெளியே வந்தார். கேப்டனுக்கு ஆறு மாதம் முன்பே குதித்தவர்தான் கரையில் நின்று அவரைத் திட்டியிருக்கிறார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது கவிஞர்களுக்கும் பொருந்தும். கான்ஸுக்காவது வேலை கிடைத்தது. ஹைனேவுக்குக் கடைசிவரை ஒரு பல்கலைக்கழக உத்தியோகமும் அமையவில்லை.

மிஞ்சியவர் சுன்ஸ். 23 வயதிலேயே, யூதர்கள் எழுதிய எல்லாமே ஆராய்ச்சிக்கு உரியது, மதம் மட்டுமல்ல, கணிதமும் வானியலும் வணிகமும்கூட என்று எழுதிய ஆள். இவர் ஞானஸ்நானம் பெறவில்லை. ஆகவே பத்திரிகை அலுவலகத்தில் வெளிநாட்டுச் செய்திகளை ஜெர்மனில் பெயர்த்துப் பிழைத்தார். பிரஷ்ய அரசு அவருக்கு ஒரு பைசா ஆராய்ச்சி நிதி தரவில்லை. தலைப்பை மட்டும் தவறாமல் எடுத்துக் கொடுத்தது.

1823-இல் யூத ஜெபக்கூடங்களில் ஜெர்மன் மொழிப் பிரசங்கம் கூடாது, புதுமையெல்லாம் வேண்டாம் என்று உத்தரவு. சுன்ஸ் சத்தம் போடவில்லை. 1832-இல் ஒரு தடிமனான புத்தகத்தை இறக்கினார். யூதர்கள் பண்டைக் காலத்திலிருந்தே மக்கள் பேசும் மொழியில்தான் பிரசங்கம் செய்திருக்கிறார்கள் என்று ஆதாரம் அடுக்கினார். அப்படியானால் எது புதுமை? ராஜாவின் தடைதான்!

அரசுக்கு ரோஷம் இல்லை. 1836-இல் யூதர்கள் கிறிஸ்தவப் பெயர் வைக்கக் கூடாது என்றது. 1837-இல் ‘யூதர்களின் பெயர்கள்’ என்று அடுத்த புத்தகம். அலெக்சாண்டர், ஆன்டிகோனஸ் என்றெல்லாம் இவர்கள் ஏசுவுக்கு முன்பே பெயர் வைத்திருக்கிறார்களே, அது எப்படிக் கிறிஸ்தவச் சொத்தாகும்? எழுதியவரின் பெயரே லியோபோல்ட் என்பதைக் கவனியுங்கள். வழக்கும் அவர், வக்கீலும் அவர்.

1848-இல் புரட்சி. எல்லோரும் சமம் என்ற பேச்சு. இதுதான் நேரம் என்று சுன்ஸ், யூத வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் பெர்லினில் ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று மனு போட்டார். பரிசீலித்த பேராசிரியர்களில் மாபெரும் வரலாற்றாசிரியர் ரான்கேவும் ஒருவர். பதிலின் சாரம் இதுதான்: இப்போதுதான் எல்லோரும் சமமாகிவிட்டோமே, யூதர்களுக்கென்று தனியாக ஒரு நாற்காலி எதற்கு? நேற்றுவரை சமமில்லை என்பதால் இடமில்லை. இன்று சமம் என்பதால் இடமில்லை.

சுன்ஸின் பிடிவாதத்துக்கு வாரிசாக வந்தவர் மோரிட்ஸ் ஷ்டைன்ஷ்னைடர். ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ள எபிரேயப் புத்தகங்களுக்கு லத்தீனில் ஒரு ராட்சத அட்டவணை தயாரித்த மனிதர். அதற்குள் யூதர்களே சொந்தமாக உயர்கல்வி நிறுவனங்கள் தொடங்கிவிட்டார்கள். வாருங்கள் என்று பெர்லினிலேயே இவரை அழைத்தார்கள். மாட்டேன் என்றார். யூதவியல் பல்கலைக்கழகத்தில்தான் இருக்க வேண்டும், தனிக் கொட்டகையில் அல்லவாம். பல்கலைக்கழகமோ அழைக்கிற மாதிரி தெரியவில்லை. ஆகவே உலகமே மதித்த அந்த அறிஞர் இருபது வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராகக் காலம் தள்ளினார்.

கிழவரானதும் பிரஷ்ய அரசுக்கே மனது கேட்கவில்லை. ‘பேராசிரியர்’ என்று அவருக்குப் பட்டம் கொடுத்தது. பட்டம் மட்டும். வகுப்பு, சம்பளம், நாற்காலி எதுவும் கேட்கக் கூடாது.