புல்லுக்கு அடியில் வெள்ளி

டேட்டன், ஓஹியோ

மதிப்பிற்குரிய பெரியப்பாவுக்கு,

இந்நாட்டு மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எவ்வாறு கழிக்கின்றனர் என்று தாங்கள் வினவியிருந்தமையால், அவர்களுள் ஒரு பிரிவினரைப் பற்றி மட்டும் இங்கே உரைக்கப்படுகிறது. இவர்கள் காதில் ஹெட்ஃபோனும் கையில் மெட்டல் டிடெக்டரும் இடுப்பில் சிறு மண்வெட்டியுமாக, வாசல் பெருக்குவோரைப் போல இடமும் வலமும் கருவியை வீசிக்கொண்டு நகரப் பூங்காக்களில் நடப்பர். இவர்கள் நாடுவது பழைய வெள்ளிக் காசு.

டைம் எனப்படும் பத்து சென்ட் காசும், கால் டாலரும், அரை டாலரும் 1964 வரை நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளியால் அடிக்கப்பட்டன. வெள்ளி விலை ஏறியதையொட்டி, 1965 ஜூலையில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையொப்பமிட்ட நாணயச் சட்டம், முதலிரண்டு காசுகளிலிருந்தும் வெள்ளியை அறவே நீக்கி, நடுவே செம்பும் இருபுறமும் செம்பு-நிக்கல் கலவையும் கொண்ட காசுகளைப் புகுத்தியது. மட்டமான பணம் நல்ல பணத்தைப் புழக்கத்திலிருந்து விரட்டிவிடும் என்னும் கிரஷாம் விதிக்கு இணங்க, விவரமறிந்தோர் வெள்ளியைப் பொறுக்கிப் பெட்டியில் பூட்டினர். 1980 ஜனவரியில் அதன் விலை அவுன்சுக்கு ஏறத்தாழ 50 டாலரை எட்டியபோது, அவ்வாறு பூட்டியவற்றுள் ஏராளமானவை உலைக்குச் சென்றன.

கருவியின் அடியிலுள்ள கம்பிச் சுருள் மாறும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் செலுத்த, புதைந்த உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து எதிர்ப்புலம் தருகிறது. மின்கடத்துதிறன் மிக்க வெள்ளி கீச்சென்றும், துருப்பிடித்த ஆணி உறுமலாகவும் ஒலிக்கும். 1881-இல் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியொன்றைக் கொண்டுவந்தும் குண்டு அகப்படவில்லையாதலால், வெறுங்கையோடு வீடு திரும்புவோருக்கு மேன்மையான முன்னோடி உண்டு.

உண்மையில் எவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இவ்வூர்க்காரரான எர்மல் ஃப்ரேஸ், திறப்பானின்றித் திறக்கும் பான டப்பாவுக்கென 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பிய்த்தெடுக்கும் அலுமினிய வளையத்தை, மக்கள் பிய்த்த இடத்திலேயே வீசிச் சென்றனர். ஆகவே வெள்ளி விடைபெற்ற அதே ஆண்டுகளில் அலுமினியம் மண்ணில் குடியேறிற்று. வளையத்தின் ஒலி தங்க மோதிரத்தின் ஒலியை ஒத்திருத்தலால், ஆசையுள்ளோர் அதையும் தோண்டியே தீர வேண்டியுள்ளது. நகராட்சிக்கோ கூலியில்லாத் துப்புரவு.

தோண்டுதலிலும் ஒழுங்குமுறை உண்டு: புல்லை மூன்று பக்கம் அறுத்து, நான்காம் பக்கத்தை வேரோடு விட்டு மடக்கி, மண்ணைத் துணியில் கொட்டித் துழாவிய பின், அதே மண்ணை நிரப்பிப் புல்லை மூடி மிதித்துவிடுவர். அதிர்ஷ்டமிருப்பின், சிறகு வைத்த தொப்பியணிந்த சுதந்திர தேவியின் முகத்தோடு 1916 முதல் 1945 வரை அடிக்கப்பட்ட டைம் ஒன்று வெளிப்படும். தேய்த்தால் கீறல் விழுந்து மதிப்புக் குறையுமாதலால், கண்டெடுத்தவர் விரல் துடிக்க, துடைக்காமல் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அதிலுள்ள வெள்ளி இரண்டேகால் கிராம். கருவியின் விலையோ பல நூறு டாலர்.

தேசியப் பூங்காக்களில் இக்கருவிக்குத் தடையுண்டு. நகரப் பூங்காக்களில் ஊருக்கு ஊர் விதி மாறும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்னும் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தாலுகா அலுவலகத்தில் கரைத்துக் குடித்த தங்களுக்கு, ஒரு டைமுக்காக எவரும் மனு எழுதாத இந்நிலை ஒழுங்கீனமாகத் தோன்றலாம்.

இவற்றால் பெறப்படும் முடிவு ஒன்றே: கெட்டிக்காரர் பூட்டிவைத்த காசு உருகிப்போக, ஓட்டைப் பையிலிருந்து உதிர்ந்த காசே பூங்கா மண்ணில் பிழைத்தது. தங்கள் சட்டைப்பை ஓட்டையைக் குறித்துப் பெரியம்மா குறை கூறுங்கால் இதனை எடுத்துரைக்கலாம். எனினும் இன்றைய ஒரு ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகாலானது என்பதை அவர் அறியாதிருத்தல் நலம்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள தம்பி மகன்