மூச்சு வாங்காத கூட்டுக்குரல்

மோர்டீஸின் முதல் இசைத்தொகுப்பு 1994இல் வந்தது. அதில் உருப்படிகள் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 நிமிடம். மின்கிட்டார் கிடையாது, பாட்டு என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. சின்தசைசரில் மெல்ல எழும் வயலின் திரள், எங்கோ தூரத்தில் ஊதப்படும் கொம்பு, அடியில் எப்போதாவது அதிரும் ஒரு பெருமுரசு, அவ்வளவுதான். அந்தப் பெயரில் இசைத்தவர் ஹோவர் எல்லெஃப்சன் என்ற நோர்வே இளைஞர். எம்பரர் என்ற பிளாக் மெட்டல் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்து, 1992இல் விலகியவர். நீண்ட மூக்கும் கூரிய காதுகளும் கொண்ட பூத முகமூடியோடுதான் படங்களில் நிற்பார். தன் இசையை அவர் இருண்ட நிலவறை இசை என்றார். அந்த வழியில் வரும் இசையை உலகம் இன்று டஞ்சன் சின்த் என்கிறது. 2011க்குப் பிறகுதான் அந்தப் பெயர் பரவலாக நிலைத்தது. நான் கேட்கத் தொடங்கிய காலத்தில், யாராவது கேட்டால் "கீபோர்ட் கசற்" என்றுதான் சொல்வோம்.

அப்போது நாங்கள் பின்மார்க்கில் இருந்தோம். நோர்வேயின் வடகோடிக் கரை. மக்கள் உயர்பள்ளிகளில் படிக்க வந்தவர்களும் அகதிகளாக வந்தவர்களுமாக ஈழத்தமிழர் பலர் அந்தக் கரையின் மீன் தொழிற்சாலைகளில்தான் முதல் வேலை பார்த்தார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். நவம்பர் கடைசியில் போகும் சூரியன் ஜனவரி நடுப்பகுதியில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். கடலோரத்தில் மரம் என்று ஒன்று இல்லை. பாறையும் பாசியும் பனியும்தான். அந்த ஊரில் இருந்துகொண்டு, வாக்மேனில், காடுகளின் இசையைக் கேட்டேன். மரங்களுக்கு நடுவே ஒரு பாதை, பாதை முடிவில் இடிந்த கோட்டை, கோட்டைக்குள் இறங்கும் படிகள். நான் பிறந்த ஊரில் பனையும் வேம்பும் இருந்தன என்று அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த ஊருக்கும் அப்போது போக முடியாது. போக முடியாத இடம் ஒன்றை மனதுக்குள் வைத்திருக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. அதனால் இந்த இசை எனக்கு விநோதமாகப் படவே இல்லை. அது எனக்குத் தெரிந்த ஏக்கத்தின் சத்தமாக இருந்தது.

கசற்றைத் தந்தவன் வகுப்புத் தோழன், நோர்வேப் பெடியன். அவன் தெற்கிலிருந்து தபாலில் எடுப்பித்தவற்றை எனக்குப் பிரதி பண்ணித் தருவான். கடிதத்துக்குள் காசை மடித்து வைத்து அனுப்ப வேண்டும். பட்டியல்கள் தட்டச்சில் அடித்து நகலெடுத்த தாள்களாக வரும். ஒரு கசற் வருவதற்குள் அதைப் பற்றி நாங்கள் கற்பனை செய்து முடித்திருப்போம். அட்டையில் கறுப்பு வெள்ளையில் ஒரு கோபுரம், வாசிக்க முடியாத முள் எழுத்தில் ஒரு பெயர். உள்ளே இருப்பது பிரதியின் பிரதியின் பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் நாடாவின் இரைச்சல் ஒரு படி கூடும், கொம்பு ஒரு படி தூரம் போகும். இரைச்சல் இல்லாத பிரதி ஒன்று கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தோம்.

அம்மா ஒருநாள் சமையலறையில் நின்றபடி கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நாயனக்காரர் வராமல் ஒத்துக்காரர் மட்டும் வந்து நிண்டு ஊதுற மாதிரிக் கிடக்கு. எப்ப நாயனம் தொடங்கும்?"

இந்த இசையைப் பற்றி இதைவிடச் சரியான ஒரு சொல்லை நான் இன்றுவரை எங்கும் வாசித்ததில்லை. நாயனம் தொடங்கவே தொடங்காது. தொடங்கப்போகிறது என்ற நிலையிலேயே 25 நிமிடம் நம்மை நிறுத்தி வைப்பதுதான் அதன் கலை. யாரோ வரப்போகிறார்கள், வாசல் திறந்திருக்கிறது, பந்தம் எரிகிறது. வருபவரை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பொறுமை நோர்வேக்காரர் கண்டுபிடித்ததல்ல, ஜெர்மனியிலிருந்து வந்தது. டான்ஜரின் டிரீம், கிளவுஸ் ஷூல்ட்சே முதலியோர் 1970களில் சின்தசைசரில் நீள நீளமாக வாசித்த இசைதான் வேர். மேஹெம் குழுவின் 'டெத்கிரஷ்' 1987இல் வந்தபோது, அதன் தொடக்கமாக வைக்கப்பட்டது டான்ஜரின் டிரீமின் ஆரம்பகால உறுப்பினரான கொன்ராட் ஷ்னிட்ஸ்லர் கொடுத்த தாள இசை. உலகத்திலேயே முரட்டுத்தனமான இசையை உருவாக்கப் புறப்பட்டவர்கள் வாசலில் ஒரு மின்னிசை முன்னோடியை நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் பிறகு நடந்தது இயல்பானது. பிளாக் மெட்டல் தொகுப்புகளின் முன்னும் பின்னும் ஒட்டியிருந்த 2 நிமிடக் கீபோர்ட் துண்டுகளைச் சிலர் தனியே எடுத்து வளர்த்தார்கள். சாட்டிரிகன் குழுவின் சாட்டிர் 1995இல் வொங்ராவன் என்ற பெயரில் 'ஃபியெல்துரோனன்' வெளியிட்டார். வியன்னாவில் சம்மனிங் என்ற இருவர் குழு டோல்கீனின் மத்திய பூமியை அதே கீபோர்ட் கொம்புகளால் கட்டியது. இங்கிலாந்தில் ஜிம் கிர்க்வுட் இவர்கள் எல்லோருக்கும் முன்பே, மெட்டலோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், டோல்கீன் கதைகளுக்குச் சின்தசைசரில் இசை செய்து கசற்றாக விட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மந்திரம் அங்கேதான் இருக்கிறது. 1988இல் வந்த கோர்க் எம்1 அந்தத் தலைமுறைக் கீபோர்டுகளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. பியானோ, வயலின், புல்லாங்குழல், முரசு, கூட்டுக்குரல் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து அதற்குள் இருந்த ஒலி நினைவகம் 4 மெகாபைட். அந்த இடத்துக்குள் ஒரு தேவாலயப் பாடகர் குழுவை எப்படி வைப்பது? மிகச் சிறிய ஒரு குரல் துணுக்கை எடுத்து, அதன் முடிவைத் தொடக்கத்தோடு ஒட்டி, விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுழல விட்டார்கள். அந்தக் கூட்டுக்குரல் மூச்சு வாங்காது. மனிதத் தொண்டையில் பிறந்தது என்று காதுக்குத் தெரியும். ஆனால் மூச்சு வாங்கும் இடம் வந்து கடந்து போய்க்கொண்டே இருக்கும், குரல் நிற்காது. உயிரோடு இருப்பவர்கள் இப்படிப் பாட முடியாது. நிலவறைக்குள் பாடுபவர்கள் யார் என்பதை அந்த 4 மெகாபைட் நமக்குச் சொல்லிவிட்டது. உண்மையான பாடகர் குழுவைக் கொண்டுவந்து அதே சுரங்களைப் பாட வைத்தால் அழகாக இருக்கும், அச்சம் வராது.

பதிவுக்கருவியும் அப்படித்தான். கசற்றில் நான்கு தடம் பதிவு செய்யும் போர்ட்டாஸ்டூடியோவை டாஸ்காம் 1979இல் கொண்டுவந்தது. கசற் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு; அதை நான்காகப் பிரித்தால் ஒரு தடத்துக்கு மிஞ்சுவது நூல் அகலம். நான்குக்கு மேல் வேண்டுமானால் மூன்று தடங்களைக் கலந்து நான்காவதில் ஏற்றிவிட்டு, காலியான மூன்றில் மறுபடி வாசிக்க வேண்டும். ஏற்றும்போதெல்லாம் கூர்மை குறையும், இரைச்சல் சேரும். படுக்கையறையில் தனியே இருந்து வாசித்த பெடியன்களுக்குக் கைவசம் இருந்தது அவ்வளவே. அந்த மங்கலுக்குள் அவர்களுடைய மலிவான கொம்பு ஒரு படையின் கொம்பாகியது. எவ்வளவு பெரிய படை என்பதைக் கேட்பவர் தீர்மானித்தார்.

இது கிளைத்த பிளாக் மெட்டல் வட்டத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் இந்த இசையை நேசிக்க முடியாது. 1992 ஜூன் 6ஆம் திகதி பேர்கன் நகருக்கு அருகே ஃபான்டோஃப்ட் மரத்தேவாலயம் கொளுத்தப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். பத்திரிகையில் வந்த படத்தை அப்பா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அந்த ஊரில் இருந்தவர் அவர். "எரியிறது எண்டால் என்னெண்டு இவங்களுக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆண்டு மேஹெமின் யூரோனிமஸ் கொலை செய்யப்பட்டார். கொன்ற வார்க் விகெர்னெஸ் 1994இல், கொலைக்கும் வேறு சில தேவாலயங்களை எரித்ததற்குமாக 21 ஆண்டு தண்டனை பெற்றார். சிறைக்குள் இருந்தபடி அவர் சின்தசைசர் இசையாகவே இரண்டு தொகுப்புகள் வெளியிட்டார், 1997இலும் 1999இலும். டஞ்சன் சின்த் வரலாறு எழுதுபவர்கள் அவற்றைத் தாண்டிப் போக முடியாது. அவருடைய இனவாத எழுத்துகளையும் தாண்டிப் போகக் கூடாது. நான் அந்தத் தொகுப்புகளை வாங்கவில்லை. என் தோலின் நிறத்தைப் பார்த்து இந்த நாட்டில் எனக்கு இடமில்லை என்று சொல்பவர் கட்டும் கோட்டைக்குள் நான் ஏன் விருந்தாளியாகப் போக வேண்டும்? அந்தக் கேள்வியை இந்த இசையை நேசிக்கும் ஒவ்வொருவரும் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். இன்றைய கலைஞர்களில் பலர் இனவாதத்துக்குத் தங்களிடம் இடமில்லை என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். அதைக் காணும்போது நான் உண்மையாகவே மகிழ்கிறேன்.

இப்போது ஒஸ்லோவில் இருக்கிறோம். யூரோனிமஸ் 1991இல் ஷ்வைகார்ட்ஸ் வீதியில் திறந்த ஹெல்வெதெ கடை 1993இல் மூடப்பட்டது. பிற்காலத்தில் அதே முகவரியில் வேறொரு இசைத்தட்டுக் கடை வந்தது. அதன் நிலவறைச் சுவரின் முன் நின்று படமெடுக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். எவரும் உள்ளே வரக் கூடாது என்று முகத்தில் வெள்ளை பூசி நின்ற இயக்கத்தின் அடித்தளம் சுற்றுலா இடமாகிவிட்டது.

மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சோதனைக்காலத்தில் அவள் அறையிலிருந்து டஞ்சன் சின்த் கேட்கும். நான் கொடுத்ததல்ல, அவளே கண்டெடுத்தது. அவளுக்கும் அவள் சினேகிதிகளுக்கும் மனதை ஒருமுகப்படுத்த உதவும் இசை அது. சாவையும் சிதைவையும் நினைத்துச் செய்த ஓசை இன்று உயிரியல் பாடத்துக்குத் துணை நிற்கிறது. இதன் கிளை ஒன்றுக்குக் கம்ஃபி சின்த் என்று பெயர். அதில் கோட்டை இல்லை, பாட்டியின் குடிசையும் அடுப்படியும் தேநீரும்தான். பழைய ஆட்கள் சிலர் முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது நியாயமான வாரிசாகவே படுகிறது. டோல்கீனின் கதையும் மொர்டோரில் தொடங்கவில்லை; புல்மேட்டுக்குள் வெட்டிய ஒரு வசதியான வீட்டில்தான் தொடங்குகிறது.

இரைச்சல் விடயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மகளின் மடிக்கணினியில் எந்த இரைச்சலும் இல்லாமல் பதிவு செய்யலாம். பல கிகாபைட் அளவுக்கு உண்மையான பாடகர் குழுவையே உள்ளே வைத்திருக்கலாம், ஒவ்வொருவரும் மூச்சு வாங்குவது கேட்கும். ஆனால் இன்று இந்த இசையைச் செய்பவர்கள் கசற் இரைச்சலைச் சேர்க்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். பழைய கீபோர்டுகளின் அதே சுழல் கூட்டுக்குரலைத் தேடிப் பிடிக்கிறார்கள். முடித்ததை 50 அல்லது 100 கசற்றுகளாகப் பதித்து விற்கிறார்கள். வாங்குபவர்களில் கசற் கருவி இல்லாதவர்களும் உண்டு. இதை வெறும் பழமை மோகம் என்று சொல்வோருடன் நான் உடன்படுவதில்லை. நாங்கள் அன்று வறுமையால் பெற்றதை இவர்கள் தெரிந்து தேர்கிறார்கள். எல்லாம் துல்லியமாகக் கிடைக்கும் காலத்தில், கேட்பவருக்குக் கொஞ்சம் இருட்டை மிச்சம் வைப்பதற்குத் துணிவு வேண்டும்.

பிரான்சில் எராங் என்பவர் 2012இல் இந்த இசையைச் செய்யத் தொடங்கினார். ஐந்து பருவங்களின் நாடு என்று ஓர் இராச்சியத்தை உண்டாக்கி, தொகுப்புக்குத் தொகுப்பு அதன் நிலத்தையும் நினைவுகளையும் விரித்துக்கொண்டே போகிறார். முகத்தைக் காட்டுவதில்லை. பின்லாந்தின் ஓல்ட் சார்சரி, அமெரிக்காவின் ஃபீஃப் என்று நல்ல பெயர்கள் கூடிக்கொண்டே இருக்கின்றன. ஃபீஃப் வாசிப்பதில் வெளிச்சம் அதிகம். நிலவறையைவிட்டு ஏறி, கோட்டைச் சந்தைக்கு வந்த இசை.

மோர்டீஸின் கதை எல்லாவற்றையும்விட விசித்திரம். அவர் 2001இல் 'த ஸ்மெல் ஆஃப் ரெயின்' தொகுப்போடு பாட்டுக்கும் மின்னணு ராக்குக்கும் போய்விட்டார். அந்த நிலவறை மூடப்பட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் போன பிறகு, அவரைப் பார்த்துச் செய்தவர்களால் அந்த இசைக்கு ஒரு பெயரும் ஒரு தலைமுறையும் வந்தன. 2010களின் இறுதியில் அவர் முகமூடியோடு திரும்பி வந்து, பழைய இசையை மேடைகளில் வாசித்தார். 2020இல் 'ஸ்பிரிட் ஆஃப் ரெபெல்லியன்' என்று தன் பழைய தொகுப்பொன்றைப் புதிதாகக் கட்டி வெளியிட்டார். புதியது தெளிவாக இருக்கிறது, கம்பீரமாக இருக்கிறது, ஒவ்வொரு முரசும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. பழையதில் நான் கேட்ட மலைகள் எல்லாம் அவர் உண்மையாகவே மனதில் வைத்திருந்தவைதான் என்று அதைக் கேட்டபோது உறுதியாயிற்று. அதற்காகவே அவருக்கு நன்றி சொல்வேன்.

போர் முடிந்த பிறகு ஊருக்குப் போய்வந்தோம். அம்மா சொன்ன வேம்பு நின்ற காணியில் வேறு யாரோ வீடு கட்டியிருக்கிறார்கள். மகள் அங்கே பெரிதாக எதுவும் பேசவில்லை. திரும்பி வந்த பிறகு ஒருநாள் கேட்டாள்: "அப்பா, எராங்கின்ர நாடு மாதிரி அப்பம்மான்ர ஊரையும் ஆராவது இசையில கீறியிருக்கினமோ?" எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். இப்போது அவளிடம் ஒரு பழைய கீபோர்ட் இருக்கிறது. பனங்காட்டுக் காற்றுக்கு எந்த ஒலி பொருந்தும் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். கூட்டுக்குரல் வேண்டும் என்கிறேன் நான். வேண்டாம், அது தேவாலயச் சத்தம், ஒத்து மட்டும் போதும் என்கிறாள் அவள். வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.