முங்கப் போகிறவர்களுக்கு ஒரு திட்டம்

ராமேசுவரம் தீவின் வடகரையில், கரையிலிருந்தே நடந்து இறங்கிப் பவளப்பாறை பார்க்க ஆசைப்படுகிறீர்களா? நல்ல ஆசை. படகு வாடகை மிச்சம். சில நூறு மீட்டரில் பாறை வந்துவிடும், ஆழமும் பயமுறுத்தாது. ஆனால் திட்டமில்லாமல் இறங்கிவிடாதீர்கள். இந்தக் கடலில் திட்டமில்லாமல் எதுவும் நாசமானதில்லை.

முதலில் காற்றைப் பாருங்கள். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள் உள்ளூரில். வாடை வீசும் மாதங்களில் பெண்கடல் கலங்கிவிடும், நீட்டிய கை தெரியாது. தென்மேற்குக் காற்றில் ஆண்கடல் சீறும். எந்தப் பக்கம் எப்போது இறங்கலாம் என்று கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவரைக் கேட்டால் வானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார். அவரைக் கேட்காமல் கடலில் இறங்கலாம் என்று நினைப்பவர்கள் இரண்டே பேர்: நேற்று வந்த சுற்றுலாக்காரர், தலைமைச் செயலகம்.

அடுத்து சிலிண்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பித் தருவார்கள். கவனமானவர்கள் அதை மூன்றாகப் பிரிப்பார்கள். போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. அழுத்தமானியின் முள் குறித்த இடத்துக்கு வந்துவிட்டால், எதிரே எவ்வளவு அழகான மீன் நின்றாலும் துணையாளுக்குச் சைகை காட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இந்தத் திரும்பும் இடம்தான் நம் ஆட்சியாளர்களுக்குப் பிடிபடவே இல்லை. கடலடியைத் தோண்டிக் கப்பல் கால்வாய் வெட்டும் சேதுசமுத்திரத் திட்டத்துக்கு 2005 ஜூலையில் மதுரையில் விழா எடுத்தார்கள். கடல் பள்ளத்துக்கு மலைநகரில் மாலை போடாமல் விட்டார்களே, அதுவே பெரிய விஷயம். தூர்வாரும் கப்பல்கள் வந்தன, பல நூறு கோடி சேற்றில் கரைந்தது. 2007-இல் ஆதாம் பாலத்தில் கை வைக்காதே என்றது உச்ச நீதிமன்றம். பாலத்தைக் கட்டியது ராமரா, மணலா என்று தேசமே வரிந்துகட்டி நின்றது. பக்கத்திலேயே கடுகளவு உடம்பை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறை கட்டும் உயிரியைப் பற்றிப் பேசிய மீனவர்களும் விஞ்ஞானிகளும் அந்த இரைச்சலில் அமுங்கிப்போனார்கள். சரி, முள் சிவப்புக்கு வந்துவிட்டது, திரும்புவார்கள் என்று பார்த்தால், 2023 ஜனவரியில் திட்டத்தை நிறைவேற்றியே தீரவேண்டும் என்று சட்டமன்றத்தில் மறுபடியும் தீர்மானம்! அவர்களுக்கென்ன, சிலிண்டர் அவர்கள் முதுகிலா இருக்கிறது?

தண்ணீருக்குள் எதையும் தொடாதீர்கள். துடுப்புக் காலால் அடியில் உதைக்காதீர்கள், கிளம்பும் மண் பவளத்தின் வாயில் போய் அடைக்கும். ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்துப் பையில் போட்டால் ஜெயில். 2001 முதல் பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு உட்கார்ந்திருக்கிறது. நியாயமான சட்டம், பத்து முறை கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதற்கு முன்பு தூத்துக்குடிப் பக்கம் என்ன நடந்தது? பல பத்தாண்டுகள் கடப்பாரையால் பெயர்த்து, படகு படகாக ஏற்றி, சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் அனுப்பினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. வான்தீவும் கரைந்துகொண்டே வர, 2015 முதல் கான்கிரீட்டில் செயற்கைப் பாறை வார்த்துக் கடலில் இறக்கினார்கள். கடலின் சுண்ணாம்பை எடுத்துக் கரையில் கட்டினோம், இப்போது கரையின் சிமென்ட்டை எடுத்துக் கடலில் கட்டுகிறோம். வெட்டியபோது கூலி, ஒட்டும்போது டெண்டர்.

மேலே வரும்போது அவசரப்படாதீர்கள். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கியபடி ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடும்.

அதே கடலில் மேலே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டுதான் பாசி பறிக்கும் பெண்கள் இறங்குகிறார்கள். சிலிண்டர் கிடையாது. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொள்வார்கள், காலுக்கு ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை. பாசி அழிந்துவிடக் கூடாதென்று மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த அந்த வளைகுடாத் தீவுகளின் பக்கம் இன்று போனால் வனத்துறை மறிக்கும், பறித்த பாசி பறிமுதலாகும். உங்களுக்கோ வரவேற்புப் பலகை, வாடகைக்கு ரப்பர் உடுப்பு, தண்ணீருக்கடியில் போட்டோ.

2016 கோடையில் வளைகுடா முழுக்கப் பவளம் வெளுத்துச் செத்தபோது அந்தப் பெண்களா கடலைச் சூடாக்கினார்கள்? தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் சுடுநீரையும் இடுப்புப் பையில் கட்டிவந்து கொட்டியது அவர்களா? பாறையை அழிப்பது யார் என்று கரையில் நின்று கேட்டுப் பாருங்கள். அதிகாரியின் விரல் சட்டென்று அவர்கள் பக்கம் நீளும். புகைபோக்கிப் பக்கம் நீள்வதென்றால் அந்த விரலுக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும், தடையில்லாச் சான்று வேண்டும், ஆய்வுக்குழு அமைக்க வேண்டும், குழுவுக்குக் கால நீட்டிப்பும் தர வேண்டும்.